எல்லை தாண்டும் கேரல் மெட்டுகள்: நாகர்கோவில் முதல் பொழியூர் வரை ஐந்து நாள்

முதல் நாள், டிசம்பர் 18, நாகர்கோவில்

கிறிஸ்மஸ் கேரல் பாட்டு கேட்க இந்தத் தடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம்தான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரை எழுபது கிலோமீட்டருக்குள், ஒரே மெட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்த இரவுகளில் கேட்டுவிடலாம். இந்த வட்டாரத்துக்குப் புராட்டஸ்டன்ட் பாட்டு மெட்டுகள் வந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார், மீட் ஐயர் (இங்கே ஐயர் என்றால் பாதிரியார்) 1818இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அன்று இது முழுவதும் திருவிதாங்கூர். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு விழுந்து சில தலைமுறை கடந்தும், இரண்டு பக்கப் பாடகர் குழுக்களும் ஒரே பாட்டுப் புத்தக மரபில் வந்தவைதான்.

மெட்டு எளிதாக எல்லை தாண்டிவிடும். சொல் எங்கே இடறுகிறது, அதை எப்படிச் சரி செய்வது என்பதைத்தான் இந்த ஐந்து நாளும் எழுதப்போகிறோம்.

முதலில் கருவி. பழைய பாடகர் குழுத் தாள்களில் ஐந்து கோட்டு நொட்டேஷன் இருக்காது. d r m f s l t என்று ஆங்கில எழுத்தில் ஓடும் டானிக் சோல்ஃபாதான் இருக்கும். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வன் பரப்பிய முறை அது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது அரை மணி நேரப் பாடம். ‘டோ’ என்பது எந்தக் கட்டையிலும் வைத்துக்கொள்ளக்கூடிய நம் ஆதார ஷட்ஜம். முக்காற்புள்ளி வந்தால் அடுத்த தட்டு. சிறு கோடு வந்தால் முந்தின சுரத்தை இழுக்க வேண்டும். நடுவில் ஒற்றைப் புள்ளி வந்தால் தட்டு பாதியாகப் பிரிகிறது. புதியவர்கள் தவறுவது அந்தச் சிறு கோட்டில்தான். அதை மூச்சு வாங்கும் இடம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள், பாட்டு துண்டு துண்டாகிறது.

இன்று ஒரே ஒரு பாட்டு, ‘ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’. ஆங்கில மூலம் நாகும் டேட் எழுதியது, 1700இல் அச்சானது. வழக்கமான மெட்டு அதைவிடவும் பழையது, 1592இன் சங்கீதப் புத்தகத்திலிருந்து வருகிறது. அளவு 8, 6, 8, 6. இங்கே எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, அசையை, அதாவது ஓர் உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் துண்டை: ராக், கா, லம், பெத், லேம், மேய்ப், பர், கள் என்று எட்டு, தம், மந், தை, காத், த, னர் என்று ஆறு. இந்த மெட்டில் முதல் சுரம் தட்டுக்கு முன்னால் விழும், அதாவது அதீத எடுப்பு. அதனால் தட்டு ‘கா’, ‘பெத்’, ‘மேய்ப்’, ‘மந்’, ‘காத்’ என்ற இடங்களில் விழுகிறது. ஐந்துமே நெடிலோ ஒற்றடுத்த குறிலோதான். பெத்லேம், மேய்ப்பர், மந்தை, காத்தனர் என்ற நான்கு சொல்லுக்கும் முதல் அசை தட்டோடு வருகிறது. மொழிபெயர்த்தவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு செய்த வேலை இது. இந்தப் பாட்டு சபையில் ஏன் யாருக்கும் வழுக்குவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் நாள், டிசம்பர் 19, மார்த்தாண்டம்

நாகர்கோவிலிலிருந்து முப்பது கிலோமீட்டர். ரயிலில் வந்தால் குழித்துறையில் இறங்க வேண்டும். 1979இல் திறந்த பாதை அது. டிசம்பரில் சாலையைவிட ரயிலே நம்பகம். மார்த்தாண்டத்தில் மாலை நெரிசல் கடுமை.

‘ஸ்டில்ல நாக்ட்’ என்ற ஜெர்மன் பாட்டுக்கு இன்றைய நாளில் பெரும்பகுதி போகிறது. ஜோசப் மோர் என்ற பாதிரியார் 1816இல் ஆறு சரணமாக எழுதினார். பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான ஃபிரான்ஸ் சேவர் குரூபர் 1818இல் மெட்டமைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று சால்ஸ்பர்க்குக்கு அருகே ஓபெர்ண்டோர்ஃப் கோயிலில் இரண்டு குரலும் கிட்டாரும் முன்னே, குழு பின்னே என்று முதல்முறை பாடினார்கள். ஆங்கிலத்தில் பரவிய மூன்று சரணம் 1859இல் ஜான் ஃப்ரீமேன் யங் செய்தது.

தமிழில் இது ‘ஒப்பில்லா திரு இரா’. ஆங்கிலத்தில் இரண்டு பாதியும் மூன்று மூன்று அசை. ஜெர்மனில் முதல் பாதி மூன்று, இரண்டாம் பாதி நான்கு. தமிழும் அப்படியே: ஒப், பில், லா, தி, ரு, இ, ரா. ஆங்கிலப் பதிவைக் கேட்டுப் பழகிய இளைஞர்கள் தமிழில் பாடும்போது இரண்டாம் பாதியில் தடுமாறுவது இதனால்தான். ஆங்கிலத்தில் ஒரே அசையில் வளையும் ‘ப த’ என்ற இரண்டு சுரமும் தமிழில் ‘தி’, ‘ரு’ என்று பிரிய வேண்டும்.

அடுத்த சிக்கல் குறில். ‘ப த ப க’ என்ற நான்கு சுரத்தில் முதல் ‘ப’ புள்ளி வைத்த நீளச் சுரம். அந்த நீளம் ‘தி’ என்ற குறிலில் விழுகிறது. கவனிக்காவிட்டால் ‘தீரு இரா’ ஆகிவிடும், பொருளே கெட்டுவிடும். அடுத்த வரி ‘இதில் தான்’ என்பதிலும் அதே கதை. ‘ஈதில்’ என்றுதான் பல இடத்தில் கேட்கிறது. பக்கத்திலேயே ‘மா பிதா’ இருக்கிறது பாருங்கள்: நெடில், குறில், நெடில். மெட்டும் அங்கே நீளம், குறுக்கம், அதிநீளம் என்றுதான் போகிறது. அச்சில் வார்த்தது போலப் பொருந்தும் இடம் அதுதான்.

குறிலைக் காப்பாற்ற இங்கே பாடகர் குழுவில் சொல்லிக்கொடுக்கும் வழி எளியது. “மக்களே, தி-யைச் சொல்லிட்டு விட்டிருங்க, சத்தத்தைப் பிடிச்சு இழுக்கப்படாது” என்பார்கள். புள்ளி வைத்த சுரத்தின் கடைசிக் கால் பங்கைப் பாடாமல் விட்டால் ‘தி’ குறிலாகவே காதில் விழும். முழுக் குழுவும் ஒன்றாக விட வேண்டும். பாதிப் பேர் விட்டு, பாதிப் பேர் இழுத்தால் விக்கல் போலக் கேட்கும். ‘ஒப்’ என்பதிலும் ஒரு பொறி உண்டு. ‘ப்’ வந்ததும் உதடு மூடிவிடும், சுரம் செத்துப்போகும். இரண்டு சுரத்தையும் ‘ஒ’விலேயே முடித்து, ‘பில்’ சொல்லும் நொடியில் மட்டும் உதட்டை மூடுங்கள்.

சுருதி. இந்தப் பாட்டின் வீச்சு கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ம’ வரை, ஒரு ஸ்தாயியும் நான்கு சுரமும். குரூபர் டி-யில் எழுதினார், நம் கணக்கில் இரண்டு கட்டை. இரண்டு தேர்ந்த குரலுக்கு அது சரி. ஊரே சேர்ந்து பாடினால் உச்சியில் வீறிடும். வீடு வீடாகப் போகும் குழுவுக்குக் கீழ் ஸ்தாயியின் ஆறு கட்டை, அதிகம் போனால் ஆறரை. கிட்டாரில் ஜி வடிவத்தில் பிடித்து இரண்டாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஆறு கட்டை வரும். மொத்தம் மூன்று கார்டு போதும்.

மார்த்தாண்டத்தில் சுரியானி மரபில் வழிபடும் மலங்கரை கத்தோலிக்கர்கள் இருப்பதால் இன்னொரு மொழியும் இங்கே உயிரோடு இருக்கிறது: சுரியானி. கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டில் கோயில் முற்றத்தில் சிலுவை வடிவக் குழி வெட்டி நெருப்பு மூட்டுவார்கள். கடந்த குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வைத்த ஓலைகள் உலர்ந்து அந்த நெருப்புக்குப் போகும். ‘தெஷ்புஹ்தோ லாலோஹோ பம்ரௌமே’, உன்னதத்தில் இறைவனுக்கு மகிமை, என்று வானதூதரின் சொல்லைச் சுரியானியில் பாடுவார்கள். சுற்றிலும் தமிழும் மலையாளமும் பேசும் கூட்டம். இதை எழுதும்போது கை நிற்க மறுக்கிறது, அத்தனை அழகு.

373இல் மறைந்த புனித எஃப்ரேம் பிறப்பு விழாவுக்கென்றே பாடல்கள் எழுதினார். அவற்றின் தலைப்பில் எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் ‘இன்ன மெட்டு’ என்று போடுவோமே, அதேதான்.

மூன்றாம் நாள், டிசம்பர் 20, களியக்காவிளை, பாறசாலை

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. ‘பக்தரே வாரும்’ பாட்டையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். லத்தீன் மூலம் ஜான் பிரான்சிஸ் வேட் என்பவரின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளில் கிடைக்கிறது. ஆங்கிலம் 1841இல் ஓக்லி செய்தது. லத்தீனிலும் ஆங்கிலத்திலும் முதல் வரி ஆறு அசை, முதல் அசை தட்டுக்கு முன்னால். தமிழில் ஐந்தே அசை: பக், த, ரே, வா, ரும். அதனால் தமிழ் நேராகத் தட்டில் தொடங்குகிறது. கீபோர்டு வாசிப்பவர் ஆங்கிலத் தாளைப் பார்த்து அந்த முன் சுரத்தையும் அடித்தால் பாதிக் குழு அதிலேயே ‘பக்’ என்று பிடித்துவிடும், மீதிப் பேர் அடுத்த தட்டில். முதல் வரி முழுக்க அலங்கோலம். தாளில் அந்தச் சுரத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள். இரண்டாம் வரி ‘ஆசை ஆவலோடும்’ ஆறு அசைதான், ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும்.

களியக்காவிளை தாண்டினால் மூன்று கிலோமீட்டரில் பாறசாலை. ‘கேரல்’ இங்கே ‘கரோல்’ ஆகிறது, கிறிஸ்மஸ் தாத்தா ‘பாப்பா’ ஆகிறார். அந்தப் பக்கம் ஆர்மோனியமும் டோலக்கும் முன்னால் நிற்கும், இந்தப் பக்கம் டிரம்மின் கை ஓங்கும். எல்லையோர வீடுகளில் ஒரு பாட்டு தமிழிலும் ஒன்று மலையாளத்திலும் கேட்பார்கள். குழு இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மலையாளக் கரோல் ஒன்றைத் தமிழாக்குபவர்களுக்கு வரும் முதல் தலைவலி இடப் பற்றாக்குறை. மலையாளத்தில் மெய்கள் நெருக்கியடித்து நிற்கும். தமிழ் நடுவே ஓர் உயிரைச் செருகும். மலையாளத்தில் ‘ராத்ரி’ இரண்டு அசை, தமிழில் ‘ராத்திரி’ மூன்று. ‘ஸ்தோத்ரம்’ இரண்டு, ‘ஸ்தோத்திரம்’ மூன்று. ‘நக்ஷத்ரம்’ மூன்று, ‘நட்சத்திரம்’ நான்கு. ‘கிறிஸ்து’வும் அப்படியே ஒன்று கூடுகிறது. ஒரு வரியில் இப்படி இரண்டு சொல் வந்தால் இரண்டு சுரம் கடன்படுகிறோம். பழைய ஞானப்பாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குக் கண்ட வழி சொல்லைச் சுருக்குவது. சார்லஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்ட பாட்டின் தமிழ் ‘கேள் ஜென்மித்த ராயர்க்கே, விண்ணில் துத்யம் ஏறுதே’. துத்தியம் ‘துத்யம்’ ஆனது ஏழு அசைக்குள் அடங்கத்தான். இன்று நாம் செய்யும்போது இதைவிட நல்ல வழி சொல்லையே மாற்றுவது. ராத்திரிக்கு ‘இரவு’ வைத்தாலும் மூன்றுதான். ‘இரா’ வைத்தால் இரண்டு. நட்சத்திரத்துக்கு ‘விண்மீன்’ வைத்தாலும் ‘வெள்ளி’ வைத்தாலும் இரண்டு. பொருளைப் பார்த்து எடுக்க வேண்டும். சுரத்தை இரண்டாக உடைத்து அசையைத் திணிப்பது கடைசி வழி, அதுவும் மெதுவான பாட்டில் மட்டும்.

மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடுவதில் இன்னொரு சங்கடம்: நம் எழுத்து வல்லினத்தின் ஒலி வேறுபாட்டை (‘பாட்டு’ம் ‘பஸ்’ஸும் ஒரே ‘ப’தான்) காட்டாது. ஒலி அழுந்த வேண்டிய எழுத்தின் கீழே சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளும் வழக்கம் நல்லது. எல்லா எழுத்துக்கும் வேண்டாம், நீளச் சுரத்தில் விழும் எழுத்துக்கு மட்டும் போதும். வேகமாக ஓடும் இடத்தில் யாரும் கவனிப்பதில்லை.

இனி வீட்டுச் சுற்றின் கணக்கு. இருபது பேர் போதும். நாற்பது பேர் சென்றால் பின்வரிசைக்கு முன்வரிசையின் தாளம் தாமதமாகத்தான் எட்டும், சந்தில் அது தெளிவாகத் தெரியும். ஒரு வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு சிறு ஜெபம், ஆறு நிமிடம். நடையையும் சேர்த்துப் பத்து நிமிடம். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் பதினெட்டு வீடு. பத்து என்பது சட்டத்தின் எல்லை: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆனால் எந்தெந்த நாள் என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எல்லைக்கு இரு பக்கமும் ஒரே குழு போனால் இரண்டு நிலையத்திலும் கேட்க வேண்டும். வெறும் வாயால் பாடும் குழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்டும் அதுதான் நன்றாக இருக்கிறது.

நான்காம் நாள், டிசம்பர் 21, திருவனந்தபுரம்

பாளையத்தில் புனித யோசேப்பு பேராலயம், ஜும்மா மசூதி, கணபதி கோயில் மூன்றும் பார்க்கும் தொலைவில் நிற்கின்றன. அங்கிருந்து எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன்) வளாகம் நடக்கும் தூரம். இங்கே ஆங்கில கேரல் ஆராதனைகளுக்கு ஒன்பது வாசக அமைப்பு பழக்கமானது: ஒரு வேதபாகம், ஒரு பாட்டு என்று மாறி மாறி ஒன்பது முறை. 1880 டிசம்பர் 24இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி 1918இல் எடுத்துக்கொண்டது, 1928 முதல் வானொலியில் வருகிறது.

நான்கு குரல் குழுக்களைக் கேட்க ஏற்ற ஊர் இது. ஐசக் வாட்ஸ் 1719இல் 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதிய ‘ஜாய் டு த வேர்ல்ட்’ எடுத்த எடுப்பில் மேல் ‘ச’விலிருந்து கீழ் ‘ச’வுக்கு வழுவாமல் இறங்குகிறது. ச நி த ப ம க ரி ச. சங்கராபரண அவரோகணம் அப்படியே. மொத்த வீச்சும் அந்த ஒரே ஸ்தாயிதான், அதனால் இரண்டு கட்டையில் எல்லோரும் பாடலாம். ஆனால் கர்நாடகப் பழக்கமுள்ள குரல் ‘நி’யையும் ‘ம’வையும் அசைத்துவிடும். இங்கே கமகம் வந்தால் நடுக் குரல்களான ஆல்டோவும் டெனரும் அதன் மேல் நிற்க முடியாது. நேர் சுரம், நிமிர்ந்த சுரம்.

பிரெஞ்சுக்காரர்களின் வானதூதர் பாட்டில் ‘குளோரியா’ என்ற ஒரே சொல் பதினைந்து சுரத்துக்கு மேல் உருளும்: பதபமக, மபமகரி, கமகரிச. சரளி, அலங்காரம் படித்த பிள்ளைகளுக்கு இது அல்வா. சிக்கல் மூச்சில்தான் வருகிறது. படி மாறும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். வரிசையில் ஒற்றைப்படை எண்ணுக்காரர்கள் முதல் படியின் நடுவிலும், இரட்டைப்படைக்காரர்கள் இரண்டாம் படியின் நடுவிலும் வாங்கட்டும். தமிழ் வாய்க்கு இன்னொன்று: ‘குளோ’ என்று இரண்டு அசையாக்காமல் மெய்யைத் தட்டுக்கு முன்னாலேயே முடித்து ‘ஓ’வைத் தட்டில் வைக்க வேண்டும்.

உக்ரைனின் ‘ஷ்செத்ரிக்’ இப்போது கீபோர்டு படிப்பவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. மிக்கோலா லியொந்தோவிச் அமைத்து 1916இல் கீவில் அரங்கேறியது. மூலத்தில் கிறிஸ்து பிறப்பே கிடையாது. வீட்டுக்குள் பறந்து வரும் தகைவிலான் குருவி, தொழுவத்தில் குட்டி ஈன்றிருக்கிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்தாண்டுப் பாட்டு. மணிகளைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் 1936இல் பீட்டர் வில்ஹவுஸ்கி போட்டவை. நான்கே சுரம் திரும்பத் திரும்ப வரும், மூன்று தட்டில்: தாம், தகி, தாம். ‘தகி’யில் வேகம் கூடிக்கொண்டே போவதுதான் வழக்கமான தவறு. பாஸ் குரல் நீளச் சுரத்தோடு நுழையும் இடத்தில் வண்டி குடை சாய்ந்துவிடும். தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமோடு மெதுவாகப் பழகிவிட்டுத்தான் வேகம் ஏற்ற வேண்டும்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 22, பொழியூர்

கடற்கரை. தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டு நிற்கும் கேரளக் கரை. நேற்று இவ்வளவு நான்கு குரல் கேட்டபின் இங்கே ஒற்றைக் குரல் மெட்டும் தாளமும்தான் பேசும்.

கடற்கரைக்கு ஏற்றவை ஆறு தட்டுப் பாட்டுகள்: தகிட தகிட. இத்தாலியில் அல்போன்ஸ் லிகோரி 1754இல் எழுதிய ‘து ஷெந்தி தாலே ஸ்தெல்லே’ இந்த நடைதான். அங்கே இடையர்கள் தோற்பை ஊதுகுழலில் வாசிப்பார்கள். அதன் அடிச்சுரம் விடாமல் ஒலிக்கும், நம் நாதஸ்வரத்தோடு வரும் ஒத்துப் போல. சுருதிப் பெட்டியில் ச, ப இரண்டையும் விட்டுப் பாடினால் பாட்டு தன் வீட்டுக்கு வந்தது போல அமர்கிறது. கார்டு போட வேண்டிய அவசியமே இல்லை. ‘ஒப்பில்லா திரு இரா’வும் இதே இடையர் நடைதான். தபேலாக்காரர் சினிமாப் பழக்கத்தில் ஆறு தட்டுத் தாளமான தாதராவை விரட்டினால் தாலாட்டு குத்துப்பாட்டாகிவிடும். ஆறில் முதலாவதையும் நாலாவதையும் மட்டும் தொட்டுக்கொண்டு மற்றதை விரலால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கடல் ஈரத்தில் தோல் தொய்ந்து டோலக்கின் சுருதி இறங்கும். ஒன்பது மணிக்குமேல் பனியும் சேரும். போல்ட் வைத்த டோலக் என்றால் அரை மணிக்கு ஒருமுறை எதிரெதிர் போல்ட்டாகத் திருகுங்கள். ஒரே பக்கமாகத் திருகினால் தோல் ஒரு பக்கம் இழுத்துக் கிழியும். கயிறு கட்டியது என்றால் ஓலை நெருப்பில் ஒரு முழம் தள்ளிக் காட்டலாம், உள்ளங்கை சூடு தாங்கும் தூரம்தான் அளவு. தபேலாவை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது, கரணை (தோலின் மேலுள்ள கறுப்புப் பூச்சு) வெடித்துவிடும், அதற்குச் சுத்தியல்தான். கிட்டாரின் ஸ்டீல் கம்பி காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் வெளிக்காற்றில் இருந்தபின் ட்யூன் செய்தால்தான் நிற்கும். மைக்குக்கு நுரைத் தொப்பி இல்லாவிட்டால் காற்று மட்டும்தான் கேட்கும்.

வட்டயப்பமும் கட்டன்சாயாவும் இந்தப் பக்கம், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அந்தப் பக்கம். பாடுவதற்கு முன் முந்திரிக்கொத்து வேண்டாம், மாவு தொண்டையில் ஒட்டும். சுக்குவெந்நீர் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு வீடு தாண்டினால் எந்தக் குழுவுக்கும் மேல் ‘ம’ தேய ஆரம்பிக்கும். அப்போது ஆறு கட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். கேப்போவை ஒரு கட்டம் பின்னால் தள்ளி ஐந்தரைக்கு இறக்குங்கள், கடைசி ஆறு வீட்டுக்கும் குரல் இருக்கும்.